கழிப்பறையில் ஒரு குடை

வாடகைத் தகராறு அலுவலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் சமரசக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் எதிரே வந்து உட்கார்ந்ததும், "உங்க குறை இருக்கட்டும். முதல்ல அவர் குறை என்னன்னு நீங்க சொல்லுங்க" என்பார். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள், மீதிப் பேர் சிரித்துவிடுவார்கள். இரண்டுமே கோப்பை மூட உதவும் என்பது அவர் அனுபவம்.

இப்பேர்ப்பட்ட வாய்ச்சொல் வீரர் குடியிருந்த வீட்டில் மாடிக் குழாய் கசிந்து கழிப்பறைக் கூரை மூன்று வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மாடியில் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் தொண்டையைச் செருமினாலே சமரசக்காரருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். படியில் பார்த்தால் இவரிடமிருந்து ஒரு சிரிப்பு, ஒரு வணக்கம். அதோடு சரி. பிறகு தன் வீட்டுக்குள் வந்து குடையை விரித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போவார். குடைக்கடியில் காலைக்கடன் கழிப்பதும் ஒரு யோகம்தான் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

மனைவி யோகத்துக்கு மசிகிற ஆளில்லை. அவரைக் கேட்காமலே, அவருடைய அலுவலகத்திலேயே மனு கொடுத்துவிட்டாள். மாடியிலிருந்து உடனே பதில் மனு வந்தது: மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அலுவலகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்த வீடு. மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, பத்து வருஷத்தில் வாடிக்கை பிடித்த வீடு.

விசாரணை, பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் அம்மாளிடம் வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு ஒரு கால் குட்டை என்பதே சமரசக்காரருக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக ஊரே அதில் ஆடிக்கொண்டுதான் நியாயம் கேட்டிருக்கிறது.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உங்க வழக்கம்தான் சார். முதல்ல அவர் குறையைச் சொல்லுங்க" என்றாள்.

சமரசக்காரர் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்காரரே ஆரம்பித்தார். "ஒழுகுறது எனக்கும் தெரியும். ஆனா வாடகை ஆபீஸ்காரர் மூணு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலை. பாக்குறப்பல்லாம் சிரிக்கிறார். என்ன கேஸ் கட்டுறாரோன்னு எனக்குத் தூக்கமே இல்லைங்க. நானா போய்ச் சரி பண்ணா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அதான் ஆளே போயிட்டா நிம்மதின்னு எழுதிக் கொடுத்தேன்."

"என்கிட்டயும் அப்படித்தான் சிரிப்பார்" என்றாள் மனைவி.

அம்மாள் உத்தரவு எழுதினாள். பதினைந்து நாளில் குழாயைச் சரிசெய்ய வேண்டும். குடித்தனக்காரர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஞாயிறுதோறும் மாடிக்குப் போய், ஒரு குறையையாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

குழாய் பத்தே நாளில் சரியானது. முதல் ஞாயிறு சமரசக்காரர் மாடிக் கதவைத் தட்டிவிட்டு, எல்லாம் சௌகரியம் என்றார். வீட்டுக்காரர் வழியை மறித்தார். "அதெல்லாம் செல்லாது சார். உத்தரவு உத்தரவுதான். ஒரு குறையைச் சொல்லிட்டுப் போங்க."

சமரசக்காரர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கடனாக ஒரு குறை கேட்கக் கீழே இறங்கி வந்தார். மனைவி மெஷினை நிறுத்தினாள். அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது. ஆனால் அதில் மாடிவீட்டுக்காரரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.