ஐந்து நிமிடம் காத்திருக்காதவள்

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு 'புத்தகம்' என்று பட்டப்பெயர். சமூகப் பணியில் முதுகலை படித்தவள். எந்த வீட்டுக்குப் போய் வந்தாலும் ஒரு கோட்பாட்டையாவது சொல்லாமல் வாயை மூடமாட்டாள். பதினாறு வருட வேலையில், தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற நினைப்பும் கூடவே வளர்ந்திருந்தது.

தாயில்லாத ஏழு வயதுப் பிள்ளை சாயங்காலம்வரை தனியாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. போய்ப் பார்த்தாள். ஒற்றை அறை, பெருக்கித் துடைத்து வைத்திருந்தது. ஆறு மணிக்கு அப்பா வந்தார். சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குபவர். அவரைக் கண்டதும் பிள்ளை எழுந்ததே தவிர, ஓடவில்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்றது. அவரும் அதைத் தொடவில்லை.

"அஞ்சு நிமிஷம் இருங்க மேடம், குளிச்சிட்டு வந்துடறேன்."

இன்னும் இரண்டு வீடு பாக்கி. அவள் கிளம்பிவிட்டாள்.

பிரிந்திருந்து வந்த பெற்றோரிடம் பிள்ளை எப்படிப் போகிறது என்பதை வைத்து அவர்களுக்கிடையே உள்ள பிணைப்பை அறியலாம் என்று படித்திருந்தாள். 'தந்தையுடன் பிணைப்பு பலவீனம்' என்று எழுதினாள். அப்பாவையும் வைத்து நடந்த மீட்டிங்கில் அதை விளக்கிச் சொன்னாள். பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள்.

நான்கு மாதம் கழித்து இல்லத்துக்கு மறுஆய்வுக்குப் போனபோது, நர்ஸ் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"சேர்த்த அன்னைக்கு அவங்கப்பா எழுதிக் குடுத்தது. நீங்க பாக்கலையா?"

'பிள்ளைக்கு வீசிங். சிமெண்ட் தூசி ஆகாது. நான் குளித்துவிட்டு வரும்வரை கிட்ட வராது. அப்புறம் மடியை விட்டு இறங்காது. முதுகைத் தடவினால்தான் தூங்கும்.'

காது மடல் சுட்டது. நர்ஸை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. படித்ததில் பிழையில்லை, பல தடவை பார், கேள் என்றுதான் அதுவும் சொல்லியிருந்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"இதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?" கேட்ட பிறகுதான், பழியை அவர் தலையில் போடுகிறோம் என்று உறைத்தது.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் மேடம். படிச்சவங்க பேசும்போது குறுக்க பேசினா, பிள்ளையைத் திருப்பித் தராமலே போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

பிள்ளையைத் திருப்பி அனுப்ப மேலதிகாரி வழி சொன்னார். "சூழ்நிலை மாறிடுச்சுன்னு எழுதும்மா, போதும். நீயா எதுக்குத் தலையைக் குடுக்கிற?"

எதுவும் மாறவில்லை, தான்தான் விசாரிக்காமல் எழுதிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் பிள்ளை வீட்டுக்குப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து நிலைமையைப் பார்க்கப் போனாள். வாசலில் அவளைக் கண்டதும் பிள்ளை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"பயப்படாதடா. மேடம் சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்காங்க."

கேட்கவேண்டிய மூன்று கேள்விகளையும் தரையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தாள். அந்த வீட்டுக்கு இனி வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி மறுநாளே எழுதிக் கொடுத்தாள்.