வேன் குடித்த தண்ணீர்

எழுபதுகளில் ஒரு மாசி மாதம், அடி அண்ணாமலையில் எங்கள் கிணற்றுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனை நிறுத்தினார்கள். அந்த அம்மா வேனின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று ஜாடை காட்டினாள்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற லாரிகள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு நிற்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நானும் என் ஓரகத்தியும் குடத்தை எடுத்தோம். அந்த ஆள் புனலைப் பிடித்துக்கொள்ள, கிணற்றில் சேந்திச் சேந்தி ஊற்றினோம். லாரி ஒரு குடத்தில் அடங்கிவிடும். இது நாலு குடம் குடித்தும் நிறையவில்லை.

“இன்னாடி இது, இவ்ளோ ஜாஸ்தி குடிக்குது? ஓட்டை கீட்டை இருக்குதா பாரு,” என்றாள் ஓரகத்தி.

எனக்கும் அதே சந்தேகம்தான். குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தேன். மண் காய்ந்தே கிடந்தது. அப்படியென்றால் அத்தனை தண்ணீரும் எங்கேதான் போகிறது?

ஒருவழியாக நிரம்பி வழிந்ததும் அந்த அம்மா எங்களை வேனுக்குள் கூப்பிட்டாள். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி. அதன் மேலிருந்த குழாயைத் திருகினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொட்டியது. ஆளுக்கொரு டம்ளர் பிடித்து நீட்டினாள்.

ஓரகத்தி அண்ணாந்து குடித்தாள். பிறகு அந்தக் குழாயைத் தானே திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் வீட்டுக்காரரிடம், “நம்ம வூட்டுக்குள்ளயும் அப்படி ஒரு குழா வைங்க,” என்றாள்.

அவர் சிரித்தார். “வெச்சா? அதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”

“இப்ப மட்டும் யாரு ஊத்துறாங்களாம்?”