சரிவின் அடியில் நின்றவர்

சங்கரன்கோவிலில், கழுகுமலை சாலையோரம் தகரக் கொட்டகை போட்டிருந்த அந்த மெக்கானிக், பிரேக் பெடலை மிதிக்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார். குள்ளமான உருவம். கை முழுக்க கிரீஸ் இருந்தாலும் உள்ளங்கால் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும்.

என் தோட்டத்து ஏ.டி.வி.யில், அந்த நாலு சக்கரக் காட்டு வண்டியில், பின்பிரேக் பஞ்சாக அமுங்கியது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று நானே மூன்று முறை புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்தேன். பலனில்லை. அவர் வெறுங்காலால் ஒரே ஒரு முறை மிதித்தார். பிறகு குனிந்து பின்சக்கரங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“சேறு கழுவக் கழத்துனீயளோ? பிரேக் தட்டக் கவ்வுத ரெண்டு காலிப்பரையும் இடம் மாத்தி மாட்டியிருக்கீய. காத்து வெளிய போற நிப்பிள் கீழ பாத்து நிக்கி. காத்து மேலல்லா ஏறும், அண்ணாச்சி!”

நான் அசடு வழிந்தேன். சரிசெய்து காற்றெடுத்து முடித்ததும், வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குளத்துக்கரை மேல் ஏற்றச் சொன்னார். அவர் சரிவின் அடியில் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“பின்பிரேக்க மட்டும் புடிச்சு எறங்கி வாங்க.”

“நீங்களே ஓட்டிப் பாருங்களேன்!”

“தெனமும் ஓட்டப் போறது நீங்கள்லா?”

இறங்கினேன், மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. வண்டி அவருக்கு நாலடி முன்பே நின்றுவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போனார்.

அன்று அவர் நம்பியது தன் கையையா, என் காலையா? இன்றும் எந்தச் சரிவில் இறங்கினாலும், கீழே அந்த முதுகு நிற்கிறது.