டப்பாவில் போட்ட கேள்வி

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில், பழைய பாத்திரக் கடையில் ஒரு சதுர பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். "இன்னா சார், உள்ள பிஸ்கட் கீதான்னு பாக்கறியா?" என்றார் கடைக்காரர். துருவும் காகிதமும் கலந்த அந்த வாசனையை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு காலத்தில் மாடம்பாக்கத்தில், அரிசிக் கடை மாடியில் நான் தத்துவ வகுப்பு எடுத்தேன். சிரிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான். செங்கல் சூளை, லாட்ஜ், லாரி என்று சுற்றிவிட்டு, அந்த வகுப்பில் நாற்காலி போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பாடம் நடத்திய பெரியவர் தன் மகன் வீட்டோடு போய்விட, அவருடைய நோட்டும் வகுப்பும் என் கைக்கு வந்தன. ஞாயிறு மதியம் பத்துப் பேர் வருவார்கள். ஓய்வு பெற்றவர்கள், ஒரு தையல்காரர், ஓர் ஆட்டோ டிரைவர். சந்தேகங்களைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி, இதேபோன்ற ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பதில் அடுத்த வாரம். அந்த ஒரு வார அவகாசம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அனகாபுத்தூரிலிருந்து தேவகி அக்கா வருவார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பவர். எழுதத் தெரியாது. ஒருநாள் எல்லோரும் போனபிறகு, "நீயே எழுதிப் போடு சார்," என்றார். "என் பொண்ணு ஏழு வயசுல ஜுரத்துல பூட்டா. ஏன்?" அவ்வளவுதான் கேள்வி. எழுதி, மடித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு, யாரோ எழுதியதுபோல அதைப் பிரித்துப் படித்தேன். நோட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பெற்றவர்கள் முற்பிறவியில் செய்த வினை, பிள்ளையைப் பறிகொடுத்து அதைத் தீர்க்கிறார்கள் என்றேன். உதாரணங்கள் வேறு. தையல்காரர் தலையாட்டினார். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

படியிறங்கும்போது அக்கா நின்றார். "இத்தினி நாளா அவளுக்கு வைத்தியம் பாத்த டாக்டரத்தான் திட்டிகினு இருந்தேன் சார். காரணம் நான்தான்னு இப்பத்தான் புரியுது."

"அப்படி இல்லக்கா..."

"நீதான சார் சொன்ன?"

குரலில் கோபமே இல்லை. அதன்பிறகு அவர் வரவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். சொன்னதைத் திரும்ப வாங்க அதில் வழியில்லை. அனகாபுத்தூருக்கு மூன்று முறை போனேன். மழையில் வெள்ளம் புகுந்ததிலிருந்து அவர் குடியிருந்த சந்தில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்திருந்தார்கள். அவர் போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

அரிசிக் கடை இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட், லிஃப்ட். 'எனக்குத் தெரியவில்லை அக்கா' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல, அவர் நின்ற அந்தப் படிகூட இன்று இல்லை.