மருந்து ரூம் வாசலில் ஜெபம்

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை என்பது, எதுவும் நடக்காமல் போன நாளுக்குச் சம்பளம் வாங்குகிற வேலை.

பஸ் ஏறிய பிறகு கேஸ் அடுப்பை மூடினோமா என்று திரும்பி வந்து பார்த்தவர்கள், மகன் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் அவன் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று உங்களில் சிலர் இருப்பீர்கள். நீங்கள் என் கூட்டம். உங்களைவிடப் பயந்தவன் ஒருத்தன் வெம்பக்கோட்டை ரோட்டில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

காலை ட்யூட்டி

எங்கள் கம்பெனியில் ரூம்கள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்று போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. எல்லாவற்றுக்கும் கடைசியில், தனியாக, வெடிமருந்து கலக்கும் ரூம். வெயில் ஏறுவதற்குள் அங்கே கலவை முடிந்துவிட வேண்டும். கலப்பவன் மாரிமுத்து. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அவன் மனைவி கனி நாலு ரூம் தள்ளி, குழல்களில் மருந்து செலுத்துகிறாள். இரண்டு பேரும் ஒரே வேனில் வருகிறவர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், பக்கத்துக் கம்பெனிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எங்கள் தகரக் கூரை அதிர்ந்தது. நாங்கள் ஓடினோம். அங்கே பார்த்ததை எழுதப் போவதில்லை. மறுநாள் காலையில் மாரிமுத்து மருந்து ரூமுக்குள் போனபோது என்னால் அந்த வாசலை விட்டு நகர முடியவில்லை. கதவு நிலையில் கை வைத்து மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். உதடு அசைந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தால் மாரியும் கனியும் எனக்குப் பின்னால் தலை குனிந்து நிற்கிறார்கள்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் சபைக்குப் போகிறவன், அவர்கள் காளியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். "இது என் வழக்கம்மா, நீங்க எதுக்கு நிக்கிறீக?" என்று கேட்டேன். கனி சொன்னாள்: "சத்தமாவே பண்ணுங்க சார். காலையில ஒங்க சாமி ட்யூட்டி பாக்கட்டும், சாயங்காலம் எங்க காளியாத்தா பாத்துக்கிடுவா."

மஞ்சள் போர்டு

எங்கள் சின்ன முதலாளி நல்ல பையன். அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். போன வருடம் சென்னையில் ஏதோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். நாம் எதை நினைக்கிறோமோ அதைத்தான் பிரபஞ்சம் நமக்கு அனுப்பும், ஆபத்தை நினைத்தால் ஆபத்து வரும், பத்திரம் என்று நினைத்தால் பத்திரம் வரும் என்றார். தினமும் ஆபீஸ் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று நெஞ்சில் கை வைத்து, "நான் பத்திரமாக இருக்கிறேன், பிரபஞ்சம் என்னைக் காக்கிறது" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். 'அபாயம்' என்று எழுதிய சிவப்புப் போர்டுகளைக் கழற்றச் சொன்னார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் திரும்ப எடுத்து மாட்டிவிடலாமாம். மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி போகும். காற்று காய்ந்து கிடக்கும் நாளில் மனுஷ உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கும். அதோடு மருந்தில் கை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். தகட்டில் உள்ளங்கையை வைத்தால் அந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். தகட்டுக்கு மேலே, 'தொடாமல் உள்ளே போகாதே' என்ற போர்டு. அதையும் கழற்றிவிட்டு மஞ்சள் போர்டு மாட்டினார்கள்: 'இன்று எல்லாம் நன்மையே.'

நேரே போய்ச் சண்டை போட்டேன். "எழுதி வச்சா வெடிக்கணும், எழுதாட்டி வெடிக்கக் கூடாதுன்னு மருந்துக்குப் படிக்கத் தெரியுமா மொதலாளி?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்: "நீங்க வாசல்ல நின்னு தெனமும் என்ன பண்றீக அண்ணாச்சி? அதையேதான நானும் பண்றேன்?"

சாப்பாட்டு நேரத்தில் பிரபஞ்சம்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோறு இறங்காமல் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், லேபிள் ஒட்டுகிற செல்லத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிரபஞ்சம் காக்குது, காக்குதுன்னு தெனமும் சொல்லச் சொல்றாகளே சார், அவரு யாரு? எந்த ஊருச் சாமி?"

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். படித்ததை யாரும் கேட்காமல் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். வானத்தில் இருக்கும் பெரிய நட்சத்திரங்களின் வயிற்றுக்குள்ளேதான் இரும்பு உண்டாகிறது. கடைசியில் அந்த நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிறது. சிதறியதெல்லாம் சேர்ந்துதான் இந்த மண்ணும் நாமும். நம்ம கம்பி மத்தாப்பில் போடுகிற இரும்புத்தூளும் உன் ரத்தத்தில் இருக்கிற இரும்பும் அப்படி வந்ததுதான் என்றேன். சுற்றியிருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு நடுவில்தான் அது உறைத்தது. பிரபஞ்சம் என்பது தூரத்தில் எங்கோ இல்லை. மாரிமுத்து மருந்து சலிக்கும் சல்லடையில் இருப்பதும் அதுதான். அது யாரையும் பார்த்து வெடிப்பதும் இல்லை, யாரையும் பார்த்து நிறுத்துவதும் இல்லை. அதுவா நம்மைக் காக்கும்?

செல்லத்தாய் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டு மேலே பார்த்தாள். "அம்புட்டும் வெடிச்சிருக்குன்னா, அங்கன போர்மேன்னு யாரும் இல்லையாக்கும்?"

இடிதாங்கி

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதே கேள்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே ஒரு போர்மேன் உண்டு என்று நம்புகிறவன் நான். அப்படியென்றால் பக்கத்துக் கம்பெனியில் அன்றைக்கு அவர் எங்கே போயிருந்தார்? அங்கேயும் ஒருத்தர் ஜெபம் பண்ணியிருப்பாரே?

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். முதலாளியின் மஞ்சள் போர்டும் என் ஜெபமும் ஒன்றா, வேறா என்று கேட்டேன். வசனம் எடுத்துச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "உச்சியில சிலுவை வச்சிருக்கோம், பக்கத்துலயே இடிதாங்கியும் வச்சிருக்கோம். ரெண்டுல எதையும் கழட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

ஆடிக் காற்று

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் காற்றில் ஈரமே இருக்காது. சாக்கை நனைத்துப் போட்டால் சற்று நேரத்தில் அப்பளமாகிவிடும். தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிற சமயமும் அதுதான்.

அன்று காலையில் ஜெபத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கிறேன். மாரிமுத்து வேனில் போட்டு வந்த நைலான் சட்டையை அப்போதுதான் கழற்றிவிட்டு, வேலைக்கான பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிய வேகத்தில் தகட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்துவிட்டான்.

"ஏலே மாரி, நில்லு! தகட்டத் தொட்டியா?"

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நீங்க ஜெபம் பண்ணிட்டீக, மொதலாளி போர்டு மாட்டிட்டாக. இன்னும் எம்புட்டுப் பேருகிட்ட சார் சொல்லி வைக்கணும்?"

அவனை வெளியே வரச் சொல்லி, தகட்டைக் காட்டினேன். சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினான். விரல் படுவதற்கு முன்னாலேயே 'டிக்' என்று ஒரு சத்தம். சுளீர் என்று கையை இழுத்துக்கொண்டான். அதிகம் போனால் ஒரு கொசுக்கடி. அந்தக் கொசு, கலக்கி வைக்கப் போகிற தட்டின் மேல் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல வடிந்தது. விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவன் தகட்டை மறந்ததற்கு ஒரு பாதி அந்தப் போர்டு, மறு பாதி என் ஜெபம்.

தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னான்: "எத்தன நாளாத் தொடாமப் போயிருக்கேன்னு எனக்கே தெரியல சார்."

ஜெபம் இல்லாத காலை

மறுநாள் வீட்டிலேயே ஜெபத்தை முடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று, "தகட்டத் தொடு, உள்ள போ" என்று மட்டும் சொன்னேன். மாரி தொட்டான். உள்ளே போகப் போனவன் கையைக் கனி ஓடி வந்து பிடித்தாள். "ஏன் சார் இன்னைக்கு ஜெபம் பண்ணல? கெட்ட சொப்பனம் எதுவும் கண்டீகளா? மறைக்காதீக சார், எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக!" சொப்பனமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. போர்மேன் எதையோ தெரிந்துகொண்டு சொல்ல மாட்டேன் என்கிறார் என்று செய்தி ரூம் ரூமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தரும் வேலையில் இல்லை. எல்லோரும் சாப்பாட்டு ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆபீஸிலிருந்து சின்ன முதலாளி போன் பண்ணினார். "லோடு நிக்குது அண்ணாச்சி. என்ன ஜெபமோ அதப் பண்ணிவிட்ருங்க." நேற்று நடந்ததைச் சொன்னேன். "நீங்க இங்கன வாங்க மொதலாளி, வாசல்ல வச்சுப் பேசுவோம்" என்றேன். பிறகு, "மருந்து ரூம் பக்கம் நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குக் கால் வராது அண்ணாச்சி" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மஞ்சள் போர்டு புரிந்தது. அவரும் உங்களையும் என்னையும் போல ஒருத்தர். பயத்தை வைக்க இடம் தெரியாமல் சுவரில் மாட்டியிருக்கிறார்.

ஆனாலும் வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. முதலாளி, மாரி, கனி, நான் என்று நாலு பேரும் வாசலில் நின்றோம். நான் சொன்னேன்: "எனக்குச் சொப்பனம் ஒண்ணும் வரல. எனக்குத் தெனமும் பயம், அதான் ஜெபம் பண்றேன். ஆனா என் ஜெபத்த நம்பி இவன் தகட்டத் தொடாமப் போறான்னா, நானே இவன உள்ள தள்ளிவிடுற மாதிரி இருக்கு. இனிமே இப்படி. தகட்டுல கை இருக்கணும். கை இருந்தாத்தான் நான் வாயத் திறப்பேன்." மாரி கை வைத்தான். முதலாளி மாரியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஜெபத்தைச் சொல்லி முடிக்கப் போகும்போது, நாலு ரூம் தள்ளிப் போக வேண்டிய கனியும் ஓரத்தில் ஒரு விரலை ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ஆமென் சொல்றதுக்கு முன்னால கைய எடுக்கணுமா, பொறவா? ரூல்ஸச் சரியாச் சொல்லிப்புடுங்க சார்."

கடவுள் கேட்கிறார் என்று நம்புகிறேன், பிரபஞ்சம் கேட்காது என்று படித்திருக்கிறேன், மருந்து யார் பேச்சையும் கேட்காது என்பதை மட்டும்தான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.