வெயில் விற்ற கரீம் பாய்

பொங்கல் முடிந்த மறுவாரம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மேடம், நம்ம பாய் பூட்டாரு. நெஞ்சு வலி," என்றார் எங்கள் பழைய பிட்டர் அன்பு. அன்று சாயங்காலமே பழவேற்காட்டில் அடக்கம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தோம். அவரைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் ஆகும்.

கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2003 வாக்கில் எங்கள் சின்னக் கம்பெனி சோலார் பம்பு போடத் தொடங்கியது. அப்போதெல்லாம் சோலார் என்றால் ஜனங்களுக்குக் கால்குலேட்டர்தான் நினைவுக்கு வரும். நான் திட்டம் போடும் இன்ஜினியர். பாய் ஊர் ஊராகப் போய் இடம் பார்த்து, ஆட்களைச் சம்மதிக்க வைப்பவர். பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். "எங்க ஊட்ல எல்லாரும் சாமான் விக்கிறாங்க, நான் வெய்யிலு விக்கிறேன்," என்பார்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விவசாயி, "மழ பேஞ்சா இது ஓடுமா?" என்று மடக்கினார். "மழ பேஞ்சா உனக்கு பம்பு இன்னாத்துக்கு நைனா?" என்றார் பாய். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் குடிதண்ணீர் பம்பு போட்டோம். அது நன்றாக ஓடினால்தான் பக்கத்து நான்கு குப்பங்களுக்கும் அனுமதி. எங்கே நிழல் விழும் என்று பார்த்தது நான், அதுவும் சூரியன் உச்சியில் நிற்கும் வைகாசியில். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே சோலார் பேனலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், தொட்டியின் நிழல் நட்டநடு மத்தியானம் பேனல் மேல் விழுந்தது. பம்பு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னா மேடம் இதுக்குப் போயி!" என்றார் பாய். தொட்டிக்குத் தெற்கே புதுசாகக் கான்கிரீட் போட்டோம். அது இறுகி முடிந்தபோது, பம்பைப் பார்த்து அனுமதி தரும் அதிகாரி வர ஒரே நாள்தான் இருந்தது. உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறி, பேனலைக் கழற்ற முடியவில்லை. பாய் மீனவர்களிடம் போய் நின்றார். "போட்டையே கரையேத்துறீங்க, இத்த தூக்கினு போவ மாட்டீங்களா?" பேனல் சட்டத்தின் இரும்புக் கால்களை அடியில் மட்டும் அறுத்துவிட்டு, முப்பது பேர் ஐலசா போட்டு, சட்டத்தைப் பேனல்களோடு அப்படியே தூக்கிப் போய்ப் புதுக் கான்கிரீட்டில் நிறுத்தினார்கள். முன்னால் நடந்த பாயின் கூச்சல்தான் பெரிசு. ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை.

மறுநாள் அதிகாரி, "ஏன் ரெண்டு அஸ்திவாரம்?" என்று கேட்டார். ஒரு பொய் என் வாய்வரை வந்துவிட்டது. பாய் முந்திக்கொண்டார். "மொதல்ல வச்ச எடம் எங்க தப்பு சார். வெய்யக்காலத்துல நெழலு பாத்துட்டோம். ஊரே சேந்து தூக்கி வச்சாங்க. தண்ணி குடிச்சுப் பாருங்க." அதிகாரி குடித்தார், சிரித்தார். நான்கு குப்பங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

வெட்கம் தாங்காமல், பழைய கான்கிரீட்டை இடித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் மேடம். தொட்டி நெழலு நல்லா வருது. தண்ணிக்கு நிக்கிறவங்க உக்காரட்டும்," என்றார்.

அடக்கத்தன்று சீக்கிரமே போய்விட்டதால், மத்தியானம் அந்தக் குப்பத்துப் பக்கம் நடந்தேன். மூன்று பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அதே நிழலில், அதே கான்கிரீட்டில் உட்கார்ந்து ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். "வாக்கா, உக்காரு," என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். என் தப்பின் மேல் நானும் உட்கார்ந்தேன். கரீம் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.