அவள் அவளாக இருக்கிறாளா?

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் மகளின் தலையும் எதிரணிப் பெண் ஒருத்தியின் தலையும் மோதிக்கொண்டன. கால்பந்து ஆட்டத்தில், கார்னரிலிருந்து உயர்ந்து வந்த பந்துக்காக இருவரும் ஒரே சமயத்தில் எம்பியிருந்தார்கள். பெரிய சத்தம் இல்லை. மேசைமேல் டம்ளரை வைத்தது போலத்தான் இருந்தது. எங்கள் டெக்சஸ் ஊரான பிளானோவில் எப்போதும் அடிக்கும் காற்று அன்று நின்றுபோயிருந்ததால், கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அதுவும் கேட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. விழுந்தவள் தானே எழுந்து முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். கோச் ஓடி வந்து அவளை வெளியே கூட்டிப்போனார். முன்னால் மண்டியிட்டு, இது எந்த மைதானம், ஸ்கோர் என்ன, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். “ஐம் ஃபைன், அப்பா. டெல் ஹிம்,” என்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அவர் அவளை மறுபடி ஆட விடவில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், எது வந்தாலும் நேரே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார். மத்தியானம் போன் செய்வதாகவும் சொன்னார்.

அவர் செய்வார். பெற்றோர் எங்களுக்குள் அது ஒரு நகைச்சுவை.

கோச் ஜப்பான்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வடக்கே பனி கொட்டும் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். பள்ளி முடிந்ததும் இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்றில் சேர்ந்து பல வருடம் நடுக்களத்தில் ஆடினார். அங்கே இடம் போனதும் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் அணிக்குப் போனார். அங்கேதான் ஆட்டம் முடிந்தது. பிறகு கோச்சிங் லைசென்ஸ், பிறகு டெக்சஸ், எங்கள் பெண்கள். ஏன் நிறுத்தினார் என்று அவர் சொன்னதில்லை. முட்டியில் அடி என்று நாங்களே முடிவு கட்டி வைத்திருந்தோம்.

அவர் ஆடிய பழைய வீடியோ ஒன்றை ஒரு அப்பா தேடிப் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஒல்லியான ஒரு ஆள் இன்னொருவரோடு தலை மோதி விழுகிறார். எழுகிறார். நிதானமாக நடந்துபோய் எதிரணியின் நடுவில் நின்றுகொள்கிறார். அவருடைய அணிக்காரர் ஒருவர் வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். குழுவில் எல்லாரும் சிரிக்கும் பொம்மை போட்டோம்.

எந்தப் பெண்ணுக்கு அடிபட்டாலும் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போன் வரும். வலி எப்படி என்று கேட்க மாட்டார். ஒரே கேள்வி, எப்போதும் அதே கேள்வி: இன்றைக்கு அவள் அவளாக இருக்கிறாளா? “இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கூட இப்படித் துரத்த மாட்டான்பா,” என்பார் வீடியோ போட்ட அந்த அப்பா.

என் மனைவி அந்த வாரம் ஆபீஸ் வேலையாகக் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருந்தாள். அன்று மத்தியான விமானத்தில் கிளம்பி இரவு வந்துசேர வேண்டியவள். வீட்டில் நானும் மகளும்தான். சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“அப்பா, வாயப்பயம் வேணும்.”

திரும்பினேன். சமையலறை ஸ்டூலில் என் மகள்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். மூன்று வயதில் டேகேருக்குப் போன சில வாரங்களில் அவள் வாயிலிருந்து தமிழ் போய்விட்டது. வாழைப்பழத்தை அந்த வயதில் அப்படித்தான் சொல்வாள். குரலும் அந்தக் குரல்தான். என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

பழத்தில் பாதி தின்றுவிட்டு, “ரயில் வந்துடுச்சாப்பா?” என்றாள்.

அவளுக்கு மூன்று வயதாகும்போது நாங்கள் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். என் மனைவிக்கு மன்ஹாட்டனில் வேலை. சாயங்காலமானால் இவளைத் தோளில் வைத்துக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நிற்பேன். ரயிலிலிருந்து இறங்கும் அம்மாக்காரி எங்களைத் தெரியாதவள் போல முறைத்து, “யாரு வீட்டுப் பாப்பா இது?” என்பாள். “உங்க வீட்டுப் பாப்பா!” என்று இவள் கத்துவாள். நாலு வயதில் அந்த ஊரை விட்டு வந்தோம். அது எதுவும் நினைவில்லை என்று இவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் பேசுவதை வீடியோ எடுத்துக் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். நியூ ஜெர்சியிலிருந்து என் தம்பி, “தமிழ்ப் பள்ளில முடியாததை ஒரே முட்டுல முடிச்சுட்டாங்க!” என்று எழுதினான். மனைவி போன் செய்தாள்.

“ஏய், என்ன பண்ண அவளை? ஒம்போது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். நான் இந்தப் பக்கம் வந்ததும் தமிழா?”

“உன்னைத்தான் தேடறா. ரயில் வந்துடுச்சாங்கறா.”

“அச்சோ, செல்லம்! அங்க ஏதுப்பா ரயில்?”

இருவரும் சிரித்தோம். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. தோட்டத்துக் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் பேசுகிறாள். எடுத்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு சோபாவில் போய் உட்கார்ந்தாள். அப்போதும் அதே கதவைத்தான் பார்த்தாள். வெளியே மரவேலியும் பக்கத்து வீட்டு ஏசியின் பின்பக்கமும் தவிர ஒன்றுமில்லை. “சத்தம் கேக்குது,” என்றாள். நானும் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் வீட்டருகே தண்டவாளம் கிடையாது.

போன் அடித்தது. கோச். அவள் அவளாக இருக்கிறாளா என்றார்.

“அதைவிட நன்றாக இருக்கிறாள்,” என்றேன். “ஒன்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் மொழியில் பேசுகிறாள்!”

 

“எந்த வயதுப் பேச்சு?” என்றார்.

“என்ன?”

“என்ன வயதுக் குழந்தை போலப் பேசுகிறாள்?”

“மூன்று,” என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

“ஆஸ்பத்திரி. இப்போதே. நானும் வருகிறேன்.”

திரும்பிப் பார்த்தால் அவள் சோபாவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தோன்றவேயில்லை. பின் சீட்டில் படுக்கவைத்து பெல்ட் போட்டு, டோல்வே நெடுஞ்சாலையில் ஏறினேன்.

“வந்துடுச்சுப்பா,” என்றாள் பின்னாலிருந்து. “ஏறலாமா?”

அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிளாட்பாரத்தில் தினமும் சொன்னதுதான்.

“நாம ஏற மாட்டோம்டா. அம்மா இறங்குவா. நாம நின்னு கூட்டிட்டுப் போவோம்.”

“கதவு தொறந்திருக்கு.”

“தொறந்திருக்கட்டும். நீ அப்பா கையப் புடிச்சுக்கோ.”

ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையைப் பின்னால் நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து சேர்கிறது என்றார்கள். ஸ்கேன் முடிந்ததும் நேரே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மனைவிக்குப் போன் செய்தபோது அவள் விமான நிலையத்தில் இருந்தாள். “வந்துடறேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கோச் காலையில் போட்டிருந்த அதே டிராக் சூட்டில் வந்தார். என் பக்கத்து நாற்காலியில் கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு நான் கேட்காமலே, “முட்டி இல்லை,” என்றார். அவர் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நீங்கள் எல்லாரும் பார்த்த அந்த வீடியோவுக்குப் பிறகும் நான் ஆட்டம் முடியும்வரை ஆடினேன். நன்றாக ஆடினேன் என்கிறார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. ஆடியது யார் என்று எனக்குத் தெரியாது.”

நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, வெளியே பனி பெய்கிறது, என் பூட்ஸ் எங்கே என்று கேட்டிருக்கிறேன். அது வெயில் காலம். எங்கள் ஊர்ப் பேச்சில், சின்னப் பையன் போலப் பேசியிருக்கிறேன். ஜப்பான் மொழியில் பேசுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அங்கே யாருக்கும் என் மொழி தெரியாது; ஒருவர் விளையாட்டாகப் போனில் எடுத்ததைப் பிறகு கேட்டுத்தான் இது எனக்கே தெரியும். அறையைத் துடைக்க வந்தவர் நான் கீழே கிடந்ததைப் பார்த்திருக்கிறார்.”

“பிறகு?”

“இனி ஆடக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு வேறு வேலை தெரியாது. அதனால் கோச்.”

“அந்தப் பையன்?” என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் யோசித்தார். “நான் திரும்பி வந்தேன். அவன் எங்கே போனான் என்று தெரியாது.”

சர்ஜன் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், ரத்தத்தை எடுத்துவிட்டோம், ஆனால் விழித்துப் பேசினால்தான் முழுதாகத் தெரியும் என்றார். தலையில் கட்டோடு அவளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் வந்து வந்து எழுப்பினாள். விரலை அழுத்தச் சொன்னால் அழுத்தினாள், தலையசைத்தாள். பேசவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்து நின்றேன். ஒன்பது வருடமாக எந்த மொழிக்காக அவளோடு சண்டை போட்டேனோ, அதில் மட்டும் அவள் இப்போது பேசிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

எட்டரை மணிக்குமேல் பெட்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. மனைவி வந்தாள். வரும் வழியெல்லாம் அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் அப்படி வீங்கியிருந்தது. கோச் எழுந்து தலை குனிந்து வணங்கிவிட்டு வாசலில் ஒதுங்கி நின்றார். அவள் கட்டிலருகே போய்த் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பழைய முறைப்பை எப்படியோ முகத்தில் வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே, அந்தக் குழந்தையைக் கூப்பிடாதே என்று தடுக்கக் கை நீட்டினேன்.

“யாரு வீட்டுப் பாப்பா இது?”

மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாசலில் நின்றவரைப் பார்த்தாள்.

“அம்மா, ஸ்டாப்,” என்றாள், கரகரத்த குரலில். “ஐம் ட்வெல்வ். கோச் இஸ் ரைட் தேர்.”